பல நாட்டவர் வாழும் பெருநகரத்தில் பிள்ளைகளை வளர்க்கிறோம்: கலந்துபோகச் சொல்வதா, நம்முடையதைக் காக்கச் சொல்வதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஒரு பெருநகரத்துக்குக் குடிபெயர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்கிறீர்கள். வேலையிடத்தில் "ஊரோடு ஒத்துப்போ" என்கிறார்கள், உறவில் மூத்தவர்கள் "நம்முடையதை விட்டுவிடாதே" என்கிறார்கள். இரண்டில் எது நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனம் இருப்பது கடைசி மூன்று வரிகளில். பதினான்கு வயது மகள் வீட்டில் ஒருத்தியாகவும் வெளியே வேறொருத்தியாகவும் இருக்கிறாள். வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதங்களையெல்லாம் அவள்தான் படித்துச் சொல்கிறாள். இப்படி இருப்பதால் அவளுக்குக் கேடு வருமா? நான் புரிந்துகொண்டபடி உங்கள் கேள்வி இதுதான்: இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வளர்வது ஒரு பிள்ளையை உடைத்துவிடுமா, உடையாமல் பார்த்துக்கொள்வதில் உங்கள் கையில் இருப்பது எவ்வளவு?

நான் பண்பாடுகளுக்கு இடையிலான உளவியலைப் படித்தவள். புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உளவள ஆலோசகராகப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு முடிச்சோடு வந்தவர்கள். நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு என்னிடம் வர வேண்டிய தேவையே இருந்திருக்காது. என் அனுபவத்தை மட்டும் வைத்துப் பேசினால் எல்லாமே இருண்டுதான் தெரியும். அதனால் ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். எங்கே ஆய்வு முடிந்து என் கருத்து தொடங்குகிறது என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்கும் விஷயத்துக்கு எங்கள் துறையில் பண்பாட்டேற்பு என்று பெயர். 1936இல் ராபர்ட் ரெட்ஃபீல்டு, ரால்ஃப் லிண்டன், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூன்று மானிடவியலாளர்கள் சேர்ந்து அதற்கு ஒரு வரையறை எழுதினார்கள். வெவ்வேறு பண்பாட்டைச் சேர்ந்த மக்கள் தொடர்ந்து நேருக்கு நேர் பழகும்போது, ஒரு தரப்பின் வாழ்க்கை முறையிலோ இரு தரப்பின் வாழ்க்கை முறையிலுமோ உண்டாகும் மாற்றம் என்பது அதன் சாரம். "இரு தரப்பிலும்" என்ற பகுதியைத்தான் பிற்பாடு பலரும் மறந்துவிட்டார்கள். வந்தவர் மட்டும் மாறுவார், ஊர் இருந்தபடியே இருக்கும் என்ற நினைப்பு இன்றுவரை தொடர்கிறது. கியூபாவைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ ஓர்ட்டிஸ் 1940இலேயே இதை மறுத்தார். தன் தீவில் ஸ்பெயினிலிருந்து வந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் கலந்ததைப் பார்த்து, எல்லாத் தரப்பும் சிலவற்றை இழக்கிறது, சிலவற்றைப் பெறுகிறது, முன்பு யாரிடமும் இல்லாத ஒன்று புதிதாகப் பிறக்கிறது என்றார். பெருநகரத் தெருக்களின் பேச்சில் காதைக் கொடுத்தால் அவர் சொன்னது விளங்கும்.

உங்கள் உறவினர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் சொல்வது இரண்டுமே ஒரே பழைய எண்ணத்தின் இரு முனைகள். ஒரு கோடு இருக்கிறது, அதன் ஒரு முனையில் பிறந்த பண்பாடு, மறு முனையில் புதிய ஊரின் பண்பாடு, ஒன்றை நோக்கி எத்தனை அடி வைத்தாலும் மற்றதிலிருந்து அத்தனை அடி விலகுகிறோம் என்ற எண்ணம் அது. ஐரோப்பியக் குடியேறிகள் வந்து குவிந்த சிகாகோவில் வேலை செய்த சமூகவியலாளர் ராபர்ட் பார்க், சந்திப்பு, போட்டி, இணங்கிப்போதல், கரைதல் என்று நான்கு படிகள் வகுத்தபோது, எல்லோரும் கடைசியில் கரைந்துதான் தீர்வார்கள் என்றே எண்ணினார். இந்த ஒற்றைக் கோட்டு எண்ணத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றல்ல, இரண்டு என்றார் அவர். உன் பழைய பண்பாட்டையும் அடையாளத்தையும் வைத்துக்கொள்ள விரும்புகிறாயா? புதிய சமூகத்தோடு உறவு வைத்துக்கொள்ள விரும்புகிறாயா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒருங்கிணைதல். இரண்டாவதற்கு மட்டும் ஆம் என்றால் கரைதல். முதலாவதற்கு மட்டும் என்றால் தனித்து நிற்றல். இரண்டுக்கும் இல்லை என்றால் எந்தப் பக்கமும் சேராமல் விளிம்பில் நிற்பது.

இந்த நான்கையும் ஆட்களின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளாக நினைத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் ஒரே ஆள் வேலையிடத்தில் ஊரோடு கரைந்திருப்பார், திருமணப் பேச்சில் தனித்து நிற்பார், நட்பில் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பார். உங்கள் மகள் வீட்டில் ஒருத்தியாகவும் வெளியே வேறொருத்தியாகவும் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டு மொழி தெரிந்தவர் எதிரில் இருப்பவரைப் பார்த்து மொழி மாற்றுவது போன்றது அது. நடிப்போ பொய்யோ அல்ல.

இனி ஆய்வுகள். 2006இல் பெர்ரியும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில் 13 நாடுகளில் வாழும், 13 முதல் 18 வயது வரையுள்ள, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் 5,000க்கும் மேற்பட்டோரைக் கேட்டார்கள். இரண்டு பண்பாடுகளிலும் கால் வைத்திருந்த பிள்ளைகளே பெரிய கூட்டமாக இருந்தார்கள். மன நலத்திலும், பள்ளி, நடத்தை போன்ற வெளி வாழ்க்கையிலும் அவர்களே நன்றாக இருந்தார்கள். வீட்டுப் பண்பாட்டையே இறுகப் பிடித்திருந்தவர்களுக்கு மன நலம் பரவாயில்லாமல் இருந்தது, வெளி வாழ்க்கையில்தான் தடுமாற்றம். எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தவர்கள் எல்லாவற்றிலும் பின்தங்கியிருந்தார்கள். பிறகு 2013இல் ஆஞ்செலா நுயென், வெரோனிகா பெனெட்-மார்ட்டினெஸ் இருவரும் 83 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி, இரு பண்பாட்டிலும் ஊன்றியிருப்பதற்கும் நல்வாழ்வுக்கும் வலுவான தொடர்பு இருக்கிறது என்றார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, வருகிற ஒவ்வொரு பெற்றோரிடமும் "இரண்டையும் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று பல ஆண்டுகள் உறுதியாகச் சொல்லிவந்தேன்.

2021க்குப் பிறகு அந்த உறுதியோடு என்னால் சொல்ல முடியவில்லை. கிங்கா பியர்வியாச்சோனெக், யோனாஸ் குன்ஸ்ட் இருவரும் பழைய ஆய்வுகளை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். தொடர்பு முன்பு சொன்னதைவிடச் சிறியதாக வந்தது. அதைவிட முக்கியமாக, அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, இரு பண்பாட்டில் ஊன்றியிருப்பது பின்னாளில் நல்வாழ்வைத் தருகிறது என்பதற்கான சான்று ஏறக்குறைய மறைந்துபோனது. ஒருவேளை நாங்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். மனம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு, வரவேற்கும் பள்ளி கிடைத்த பிள்ளைக்கு, இரண்டு உலகத்திலும் பழகுவது எளிதாக இருந்திருக்கலாம். ஆகவே நான் இன்று துணிந்து சொல்வது இவ்வளவுதான்: இரண்டு பண்பாடுகளில் வளர்வதே ஒரு பிள்ளையை உடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது மருந்துபோல வேலை செய்து பிள்ளையைக் காக்கும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

ஒரு நுணுக்கம் மட்டும் எனக்குத் திரும்பத் திரும்ப உண்மையாகப் படுகிறது. பெனெட்-மார்ட்டினெஸின் வேறு ஆய்வுகள், இரண்டு பண்பாடுகள் இருப்பதைவிட, அவை ஒன்றோடொன்று சண்டை போடுவதாக ஒருவர் உணர்கிறாரா இல்லையா என்பதையே முக்கியமாகப் பார்த்தன. சண்டை என்று உணர்பவர்களுக்குத்தான் மன அழுத்தம் கூடுதல். பெற்றோராக நாம் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது என்பது என் கருத்து. "அவர்களைப் போல ஆகிவிட்டாய்" என்று வீட்டிலும், "நீ எங்களைப் போல இல்லை" என்று வெளியிலும் ஒரு பிள்ளை ஒரே நாளில் கேட்டால், அந்தச் சண்டையை அவளுக்குள் மூட்டியவர்கள் பெரியவர்கள்.

வெளியே கேட்கும் அந்த இரண்டாவது வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உங்கள் கேள்வி முழுவதும் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்றே இருக்கிறது. கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். கனடா 1971இல் பன்முகப் பண்பாட்டை அரசின் கொள்கையாக அறிவித்தது, 1988இல் அதைச் சட்டமாக்கியது. 2021 கணக்கெடுப்பில் டொராண்டோ பெருநகர்ப் பகுதியில் வாழ்பவர்களில் 46.6 விழுக்காட்டினர் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். உலகில் இதைவிடத் திறந்த நகரம் கிடைப்பது அரிது. அங்கேயே பொருளியலாளர் ஃபிலிப் ஓரியோபௌலோஸ் ஆயிரக்கணக்கான மாதிரி வேலை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். முடிவுகள் 2011இல் வெளியாயின. படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றவையாக இருந்த விண்ணப்பங்களில்கூட, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர் உள்ளவற்றைவிட ஆங்கிலப் பெயர் உள்ளவற்றுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக நேர்காணல் அழைப்பு வந்தது. அந்த விண்ணப்பத்தில் இருந்தவர் இதற்குமேல் எப்படி ஒத்துப்போயிருக்க முடியும்?

கனடாவின் ரிச்சர்ட் பூரிஸும் சக ஆய்வாளர்களும் 1997இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். வந்தவர் விரும்புவதும், ஊரார் வந்தவரிடம் எதிர்பார்ப்பதும் பொருந்தினால் உறவு சீராக இருக்கும், பொருந்தாவிட்டால் உரசும் என்பது அதன் உட்பொருள். விளிம்பில் நிற்பதைப் பலர் ஒரு தேர்வு என்று பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. என்னிடம் வந்த இளைஞர்களில் ஒருவர்கூட அதைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, எதுவும் திறக்காமல் அங்கே நின்றவர்கள் அவர்கள். உங்கள் மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து அடிபட்ட முகத்தோடு வந்தால், "நீ இன்னும் கொஞ்சம் பழகிப் பாரேன்" என்று தொடங்காதீர்கள். என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

இப்போது குடும்பத்துக்குள். பிள்ளைகள் புதிய மொழியையும் ஊரின் நெளிவுசுளிவுகளையும் பெற்றோரைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், இதில் ஐயமில்லை. அந்த வேக வித்தியாசமே வீட்டுச் சண்டைக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். ஆய்வுகளில் அது சீராக நிற்கவில்லை. சில குடும்பங்களில் வித்தியாசம் பெரிதாக இருந்தும் வீடு அமைதியாக இருக்கிறது. நான் பார்த்தவரையில், சிக்கல் தொடங்குவது அதிகாரம் தலைகீழாகும்போது. பல ஆண்டுகளுக்கு முன் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். தாயை மருத்துவரிடம் அழைத்துப் போவதும், அவர் சொல்வதை மொழிபெயர்ப்பதும் அவன் பொறுப்பு. ஒருநாள் மருத்துவர் சொன்ன கடுமையான ஒரு சொல்லை அவன் தாயிடம் சொல்லவில்லை. "இன்னொரு பரிசோதனை வேண்டுமாம்" என்று மட்டும் சொன்னான். மூன்று வாரம் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தான். பள்ளியில் மதிப்பெண் இறங்கியது என்றுதான் என்னிடம் அனுப்பினார்கள். அவனுக்குப் பண்பாட்டுக் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு பெரியவர் சுமக்க வேண்டியதை அவன் சுமந்திருந்தான், அவ்வளவுதான். இன்றும் அவனை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்கள் மகள் கடிதம் படித்துச் சொல்வது அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். பள்ளி அறிவிப்பையோ வழிகாட்டிப் பலகையையோ படித்துச் சொல்வதில் பல பிள்ளைகளுக்குப் பெருமையும் திறமையும் வளர்கின்றன. வாடகை பாக்கி, குடியுரிமைத் தாள், நோய் பற்றிய செய்தி போன்றவை வேறு.

மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களிடம் நெடுங்காலம் கண்ட போக்கு இது: முதல் தலைமுறை தாய்மொழியில் வாழ்கிறது, இரண்டாம் தலைமுறை இரண்டிலும் பேசுகிறது, மூன்றாம் தலைமுறை பெரும்பாலும் ஊர் மொழியோடு நின்றுவிடுகிறது. எல்லா நாட்டிலும் எல்லா மொழிக்கும் இதே வேகம் இல்லை. ஆனால் வீட்டில் பேசாத மொழியை வார இறுதி வகுப்பு மட்டும் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. பெற்றோர் மகளுக்குப் பாடமாக நடத்தும் மொழியைவிட, அவளோடு வம்பளக்கும், கோபிக்கும், சமாதானம் பேசும் மொழி நீடிக்கிறது.

இன்னொன்று, இது முழுக்க என் கவனிப்பு. குடிபெயர்ந்தவர்களில் பலர், கிளம்பிய ஆண்டின் ஊரை அப்படியே மனத்தில் உறையவைத்துக்கொள்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் அதற்குள் எவ்வளவோ மாறிவிடுகிறார்கள். விடுமுறைக்குப் போகும் பிள்ளை, வீட்டில் தனக்குத் தடை செய்யப்பட்டது அங்கே சாதாரணமாக நடப்பதைப் பார்க்கிறது. "எந்த ஊர்ப் பண்பாட்டைக் காக்கச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு பெண் தன் தந்தையிடம் என் முன்னால் கேட்டாள். அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "நான் விட்டுவந்த ஊரைத்தான்" என்றார். அவர்கள் இருவரும் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

நகரம் தானாகவே எல்லோரையும் கலந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கலக்காது. அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் கட்டங்களில் காய்களை நகர்த்திக் காட்டினார்: யாருக்கும் வெறுப்பு இல்லாமல், "அண்டை வீட்டாரில் சிலராவது என்னைப் போல இருக்கட்டும்" என்ற மெல்லிய விருப்பம் மட்டும் இருந்தாலே பகுதிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். சிங்கப்பூர் அரசு இதைத் தடுக்க, 1989இல் தன் பொது வீடமைப்பு அடுக்ககங்களில் ஒவ்வொரு இனத்துக்கும் உச்ச வரம்பு வைத்தது. மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அத்தகைய வீடுகளில் வாழ்வதால் அது நாட்டின் முகத்தையே வடிவமைத்தது. வீட்டை விற்க நினைக்கும் சிறுபான்மையினருக்கு வாங்குபவர் வட்டம் சுருங்கியது அதன் மறுபக்கம்.

அருகருகே குடிவைத்தால் மட்டும் நட்பு வந்துவிடாது. பழகுவது முன்முடிவைக் குறைக்க வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன நிபந்தனைகள்: சம நிலை, பொதுவான இலக்கு, கைகோத்து வேலை செய்வது, மேலே இருப்பவர்களின் ஆதரவு. 2006இல் உளவியலாளர்கள் பெட்டிக்ரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பழகுவதால் முன்முடிவு குறைகிறது என்பது உறுதியானது. நிபந்தனைகள் எல்லாம் இல்லாதபோதும் ஓரளவு குறைகிறது, இருந்தால் கூடுதலாகக் குறைகிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 2007இல், பன்மை கூடிய அமெரிக்கப் பகுதிகளில் மக்கள் குறுகிய காலத்தில் கூட்டுக்குள் ஒடுங்குகிறார்கள் என்று எழுதியதை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, கலப்பு மக்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையைக் கெடுக்கிறது" என்பார்கள் சிலர். நெடுங்காலத்தில் நன்மை என்று அவரே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். 2020இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 87 ஆய்வுகளைத் தொகுத்தபோது அந்தக் கெடுதல் இருப்பது தெரிந்தது, ஆனால் சிறிய அளவில். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், பயமுறுத்தும் அளவில் இல்லை. உங்கள் மகளைப் பொறுத்தவரை, ஒரு விளையாட்டு அணியோ இசைக்குழுவோ, பல பின்னணிப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் எந்த இடமும், பன்மையைப் பாராட்டும் நூறு விழாக்களைவிடப் பயன் தரும்.

வந்த புதிதில் தேனிலவுபோல இருக்கும், பிறகு அதிர்ச்சி, பிறகு சரியாகிவிடும் என்ற வளைகோட்டை யாரோ உங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். 1955இல் நார்வேயின் சுவேர லூஸ்கோர் அமெரிக்காவில் தங்கித் திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களைப் பேட்டி கண்டு சொன்னது அது. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த பிந்தைய ஆய்வுகளில், பலருக்கு முதல் சில மாதங்களே மிகக் கடினமாக இருந்தன. பன்னிரண்டு ஆண்டு கழித்தும் உங்களுக்குச் சில நாள் அந்நியமாகத் தோன்றினால் உங்களிடம் ஏதோ குறை என்று எண்ண வேண்டாம்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, மகளோடு பேசியதும் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் சொல்கிறேன். "இரண்டில் எது" என்று அவளைக் கேட்காதீர்கள். வீட்டில் அவளுக்கு எது பிடித்திருக்கிறது, எது மூச்சுமுட்டுகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். விட்டுக்கொடுக்க முடியாதவை என்று உங்களுக்கு இரண்டு மூன்று இருக்கும், அவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மற்றவற்றில் கையைத் தளர்த்துங்கள். பணம், நோய், குடியுரிமை தொடர்பான கடிதங்களை இன்றிலிருந்து அவளிடம் கொடுக்காதீர்கள். பெருநகர மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் கட்டணமில்லாமலே தருகிறார்கள். வீட்டிலும் வெளியிலும் அவள் வேறுவேறாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆனால் இரண்டு இடத்திலும் அவள் பேச்சு குறைந்தால், தூக்கம் கெட்டால், நெருங்கிய தோழிகளிடமிருந்து விலகினால், அது சில வாரங்களாகியும் மாறவில்லை என்றால், அதற்குப் பண்பாட்டுச் சிக்கல் என்று பெயர் வைத்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். பதின்ம வயதினரோடு வேலை செய்யும் உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் மொழி தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மகளை மொழிபெயர்க்க வைக்காதவராகப் பாருங்கள்.